முடிவைச் சொல்லக்கூடாது

ஜூன் 14, சனி

கார்டு சாரோடு இன்றும் சண்டை. பழகிய சண்டைதான். அறிவியல் கதை என்றால் அவருக்கு ஆகாயப் புளுகு. துப்பறியும் கதை என்றால் எனக்குக் கொட்டாவி. போன வாரம் அவர் தலையில் கட்டிய ‘பூட்டிய சலூன்’ நாவலைத் திருப்பிக் கொடுத்து, கொலைகாரன் யாரென்று மூன்றாம் அத்தியாயத்திலேயே தெரிந்துவிட்டது என்றேன். மனிதர் முகம் சுண்டிப்போய்விட்டது.

“யாருன்னு மட்டும் சொல்லிடாதீங்க டீச்சர். பாய் இன்னும் படிக்கல” என்று பதறினார்.

சொல்வேனா? எங்கள் மூவருக்கும் இருப்பது ஒரே சட்டம். எந்தப் புத்தகத்தையும் யாரும் புகழலாம், திட்டலாம், பழைய பேப்பர்காரனுக்குப் போடு என்று கூடச் சொல்லலாம். முடிவை மட்டும் சொல்லக்கூடாது. மேலப்புதூரில் கமாலுதீன் பாயின் ஜெராக்ஸ் கடையில் சனிக்கிழமை சாயங்காலம் கூட ஆரம்பித்த காலத்திலிருந்து ஒருவரும் இதை மீறியதில்லை. பாய்க்குக் காலப் பயணக் கதைகள்தான் உயிர். கார்டு சாரின் பெயர் எபநேசர்; கூட்ஸ் வண்டி கார்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். நான் இயற்பியல் டீச்சர். ரிட்டயர் ஆனாலும் டீச்சர்தான்.

சண்டை வழக்கம்போல ‘வளையத்தின் காவல’னில் வந்து நின்றது. இருபத்தைந்து வயதில் படித்த நாவல். எழுதியவர் அந்த ஒன்றோடு நிறுத்திக்கொண்டார். இதைப் படியுங்கள் படியுங்கள் என்று நானும் வருடக்கணக்கில் கெஞ்சுகிறேன், கார்டு சார் தொட மாட்டேன் என்கிறார். கதாநாயகனைக் கொல்லும் தைரியம் இல்லாதவன் நாவல் எழுதவே வரக்கூடாது என்று பொதுவாகச் சொன்னேன். எந்த நாவல் என்று சொல்லவில்லை. ஆகவே சட்டம் மீறவில்லை.

“சாவடிக்கிறதுக்கு எதுக்கு டீச்சர் கதை? அதத்தான் வாழ்க்கையே பாத்துக்குதே. என் கதையில எவனோ ஒருத்தன் முதல்லயே செத்துருவான். மத்தவன் எல்லாம் ராத்திரி சாப்பாட்டுக்கு வீடு போய்ச் சேந்துருவான். அதுபோதும் எனக்கு” என்றார்.

வந்த சமோசாவில் பாதியை அப்படியே வைத்துவிட்டார். பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டிருக்கிறார். டயட்டா என்று கேட்டேன். வயிறு மந்தமாக இருக்கிறதாம். ஓமவாட்டர் குடிக்கச் சொன்னேன்.

ஜூன் 21, சனி

கார்டு சார் வரவில்லை. நேற்று வலி அதிகமாகி, மகள் ஷெரின் ஸ்கேன் எடுக்கக் கூட்டிப்போனாளாம். நானும் பாயும் உட்கார்ந்து ‘நாளைக்கு நேற்று வருவேன்’ நாவலைப் பற்றிப் பேசினோம். எனக்குப் பிடிக்கவில்லை, அவருக்குப் பிடித்திருந்தது. ஆனால் சண்டை வரவில்லை. சீக்கிரமே கிளம்பிவிட்டேன்.

ஊதாப் புடவையை வீணாகக் கட்டிக்கொண்டு போனேன். அது கஞ்சி போட்டு ரொம்ப நாள் ஆகிறது, இன்று கட்டாவிட்டால் கசங்கிவிடும் என்றுதான் கட்டினேன்.

ஜூன் 24, செவ்வாய்

சிலிண்டர் வந்தது. ஷெரின் போனை எடுக்கவில்லை.

ஜூன் 28, சனி

காலையில் ஷெரின் வீட்டுக்கே வந்துவிட்டாள். பேங்க்கில் அரைநாள் லீவு போட்டிருக்கிறாள். காபி கலந்து கொடுத்தேன். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே இருந்தாள்.

“கணையத்துல ஆன்ட்டி. ஈரலுக்கும் போயிருச்சாம். ஆபரேஷன் பண்ணி பிரயோஜனம் இல்லைன்னுட்டாங்க. ரெண்டு மாசம், மூணு மாசம்.”

அவள் கையிலிருந்த டம்ளரை வாங்கிக் கீழே வைத்தேன். அவளே தொடர்ந்தாள்.

“அப்பாகிட்ட அல்சர்னு சொல்லியிருக்கோம். அம்மா போனப்பவே பாதி ஆளாயிட்டார். இது தெரிஞ்சா அன்னைக்கே உயிர விட்டுருவார். உங்ககிட்டயும் பாய் மாமாகிட்டயும்தான் மனசு விட்டுப் பேசுவார். ப்ளீஸ் ஆன்ட்டி, வாய் தவறிக்கூட சொல்லிறாதீங்க.”

சொல்ல மாட்டேன் என்று கையில் அடித்துக் கொடுத்தேன். அந்தப் பெண் அப்புறம்தான் அழுதாள். ஆறிப்போன காபியைச் சுடவைத்துத் திரும்பக் கொடுத்தேன்.

அவள் போனதும் மாவு அரைத்தேன். இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன். அவ்வளவும் வீண். மாவுக்காகத்தான் அழுதேன் என்று எழுதினால் யாரும் நம்பப் போவதில்லை. ஓமவாட்டர் குடி என்று சொன்ன என் வாயை என்ன செய்வது?

ஜூலை 5, சனி

இனி சனிக்கிழமைக் கச்சேரி பொன்மலைப்பட்டியில் கார்டு சார் வீட்டில். ஷெரின் பாயிடமும் விஷயத்தைச் சொல்லிவிட்டாள். அவர் ஸ்கூட்டரில் போனோம். சார் கட்டிலில் தலையணைக்குச் சாய்ந்து, ராஜா மாதிரி எங்களை வரவேற்றார்.

“அல்சருக்கு இம்புட்டு மாத்திரையா பாய்? நான் வண்டியில போன காலத்துல காரச் சட்னியில பாதி வயிறு வெந்துருக்கும். அதுதான் இப்ப வட்டியும் முதலுமா வாங்குது.”

பாய் சிரித்தார். பாவம், அவருக்குப் பொய்யாகச் சிரிக்க வராது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். நான் பேச்சை மாற்றலாம் என்று ‘மோகினி மெட்ரிகுலேஷன்’ என்ற பேய் நாவலைப் பற்றி ஆரம்பித்தேன். பேய் வகுப்புக்கு வந்து வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும் இடத்தைச் சொன்னதும் சார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்ததில் வலி வந்து கண்ணை மூடிக்கொண்டார்.

கண்ணைத் திறந்ததும் என்னைப் பார்த்து, “டீச்சர், உங்க ராக்கெட் புஸ்தகத்தக் குடுங்க. எப்படியும் படுத்துத்தான் கிடக்கேன். படிச்சுத்தான் பாப்போமே” என்றார்.

எத்தனை வருடம் காத்திருந்தேன் இந்த வார்த்தைக்கு! பொய் சொன்னேன். யாரோ வாங்கிப் போயிருக்கிறார்கள், கேட்டு வாங்கித் தருகிறேன் என்றேன். படி இறங்கும்போது பாய் என்னைப் பார்த்தார். அவரும் அந்த நாவலைப் படித்தவர்தான்.

ஜூலை 8, செவ்வாய்

மதியம் உட்கார்ந்து ‘வளையத்தின் காவலன்’ முழுவதும் திரும்பப் படித்தேன். சனிக் கிரகத்தின் வளையங்களுக்கு நடுவில் ஒரு நிலையம். அதில் தன்னந்தனியாக ஒருவன். பாறைகள் எப்படி நகர்கின்றன என்று பார்த்து, வருகிற கப்பல்களுக்கு வழி சொல்வது அவன் வேலை. கதிர்வீச்சில் அவன் உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுகிறது. இரண்டு இடத்தில் அறிவியல் தப்பு இருக்கிறது. ஆனால் மனிதன் அப்படியே உயிரோடு இருக்கிறான்.

கடைசி அத்தியாயத்தை இளவயதில் எத்தனை தடவை படித்திருப்பேன்! இப்படி ஒரு சாவு வேண்டும் என்று தோழிகளிடம் பீற்றிக்கொண்டிருக்கிறேன். இன்று இரண்டு பக்கத்துக்கு மேல் முடியவில்லை. மூடிவிட்டேன்.

வேறு புத்தகம் கொடுக்கலாம் என்று அலமாரியைக் குடைந்தேன். ஒன்றில் பூமியே அழிகிறது. ஒன்றில் அப்பா போய்ச் சேருகிறார், ஒன்றில் எல்லாருமே. நான் வாங்கிச் சேர்த்த லட்சணம் இது. கண்ணீர் வந்தால்தான் இலக்கியம் என்று ஒரு திமிர் எனக்கு.

ஜூலை 10, வியாழன்

கடைசி அத்தியாயத்தைக் கிழித்துவிட்டேன்.

அதற்கு முந்தின அத்தியாயம் தூரத்தில் மீட்புக் கப்பலின் வெளிச்சம் தெரிவதோடு முடிகிறது. அங்கேயே கதை முடிந்துவிட்டதாக ஒருவர் நினைத்துக்கொள்ளலாம். நினைத்துக்கொள்ளட்டும். ஸ்கேலை வைத்து, ஒவ்வொரு தாளாக, பிசிறில்லாமல் எடுத்தேன். பக்கத்தின் மூலையை மடக்கிய பிள்ளைகளைப் பெஞ்ச் மேல் ஏற்றி நிற்க வைத்தவள் நான்.  கிழித்ததைப் புடவைகளுக்கு அடியில் வைத்தேன்.

வாட்டர் டேங்க் கழுவ ஆள் வந்தான்.

ஜூலை 12, சனி

புத்தகத்தைக் கொடுத்தேன். சார் இரண்டு கையாலும் வாங்கி, முன்னும் பின்னும் பார்த்து, “அச்சு நல்லாருக்கு” என்றார். பாய் சும்மா இராமல், “அதுல கடைசியில ஒரு இடம் வரும் பாருங்க சார்...” என்று ஆரம்பித்துவிட்டார்.

“பாய்! முடிவச் சொல்லக்கூடாது!” என்று கத்தினேன். சமையலறையிலிருந்து ஷெரின் எட்டிப் பார்க்கும் அளவுக்குக் கத்திவிட்டேன். பாய் வாயைப் பொத்திக்கொண்டார். சார் சிரித்தார்.

வெளியே வந்ததும் பாயிடம் நான் செய்ததைச் சொன்னேன். ஸ்கூட்டரை ஸ்டார்ட் பண்ணாமல் நின்றார்.

“புக்கைக் கிழிச்சீங்களா? நீங்களா?”

“வேற என்ன பண்ணச் சொல்றீங்க?”

“ஒண்ணும் பண்ணச் சொல்லல டீச்சர். ஏறுங்க” என்றார். 

ஜூலை 19, சனி

சார் பாதி படித்துவிட்டார். ஒரு நாளைக்குச் சில பக்கம்தான் முடிகிறதாம். ஆனால் பேச்செல்லாம் அதைப் பற்றித்தான்.

“டீச்சர், உங்களுக்குத் தெரியாது. இவன் கார்டு! கூட்ஸ் வண்டியில கடைசிப் பெட்டியில என்னைய ஏத்தி விட்டுருவாங்க. லைட்டு கிடையாது, ஃபேன் கிடையாது, பேச ஆள் கிடையாது. முன்னாடி அம்பது வேகன் போவுது, டிரைவர் யாருன்னு மூஞ்சி கூடத் தெரியாது. விருத்தாசலம் தாண்டி எங்கயாவது லூப் லைன்ல ஒதுக்கிப் போட்டுருவான், ராத்திரி பூரா நிப்பேன். நானும் நட்சத்திரமும்தான். இதை அந்த எழுத்தாளன் எங்கருந்துய்யா தெரிஞ்சுக்கிட்டான்?”

என்னை நேருக்கு நேர் பார்த்து, “இத்தனை வருசமா படிக்காம விட்டுட்டேனே, நான் ஒரு முட்டாள்” என்றார்.

எனக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. அப்புறம் அந்தச் சந்தோஷத்தின் மேலேயே கோபம் வந்தது. நல்ல உடம்போடு இருந்தபோது படித்திருந்தால் கடைசி அத்தியாயத்தைப் பற்றி ஆறு மாதம் சண்டை போட்டிருக்கலாம்.

ஜூலை 23, புதன்

கண் மஞ்சளாகிவிட்டது என்று ஷெரின் போன் செய்தாள். அல்சர் மாத்திரை சூடு என்று அவரிடம் சொல்லியிருக்கிறார்களாம். பால்காரன் வரவில்லை. கறுப்புக் காபியோடு இருந்தேன்.

ஜூலை 29, செவ்வாய்

காலையில் கார்டு சாரே போன் செய்தார். “இன்னைக்கு வாங்க டீச்சர். பாய் வேண்டாம். நீங்க மட்டும்.”

ஆட்டோ பிடித்துப் போனேன். ஷெரினும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போய்விட்டார்கள். வேலைக்கார அம்மா கதவைத் திறந்துவிட்டுத் துணி துவைக்கப் போனாள். சார் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மடியில் புத்தகம்.

“உக்காருங்க. ஒரு கேஸ் இருக்கு” என்றார்.

 உட்கார்ந்தேன்.

“முந்தாநாள் முடிச்சேன். கப்பல் வெளிச்சம் தெரியுது, கதை நின்னுபோச்சு. முற்றும்னு போடல. சரி, ராக்கெட் எழுதுற ஆளுங்க ஸ்டைலா விட்டிருப்பாங்கன்னு நெனச்சேன். அப்புறம் பின் அட்டையப் பாத்தேன். கெட்டியா ஒட்டிக்கிட்டு இருக்கு. பழைய புஸ்தகத்துல மொதல்ல போறது எது டீச்சர்? அட்டை. அதுக்கப்புறம்தான் உள்தாளு. அட்டை அப்படியே இருக்க, உள்ள மட்டும் எப்படிப் போகும்?”

“பைண்டிங் விட்டுப் போயிருக்கும்” என்றேன். என் குரல் எனக்கே நம்பிக்கையாக இல்லை.

“இருங்க, அவசரப்படாதீங்க. ஓரத்தப் பாருங்க. தாளெல்லாம் பழுப்பேறிக் கிடக்கு. கிழிஞ்ச ஓரம் மட்டும் வெள்ளையா இருக்கு. இப்பக் கிழிச்சது. அதுவும் கோவத்துல கிழிச்சதில்ல, ஸ்கேல் வச்சுக் கிழிச்சது. ஸ்கேல் வச்சுக் கிழிக்கிற ஆளு இந்தத் திருச்சியில யாரு இருக்கா?”

நான் ஜன்னலைப் பார்த்தேன்.

“மூலைய மடக்குனதுக்கு பாய்கூட ஒரு மாசம் பேசாம இருந்தவங்க நீங்க. நீங்களே கிழிச்சிருக்கீங்கன்னா உள்ள என்ன இருந்திருக்கும்? அவன் சாவுறான். சரிதானே?”

சட்டப்படி நான் பதில் சொல்லக்கூடாது. சொல்லவில்லை.

“நான் என்ன பச்சப்புள்ளையா? கதையில எவனோ செத்தா எனக்கென்ன? ஆயிரம் பொணம் பாத்தவன் நானு, புஸ்தகத்துல. அல்சர்காரன்கிட்ட எதுக்கு மறைக்கணும்? ரெண்டு நாளா இதத்தான் யோசிச்சேன். ஒரே ஒரு ஆளுகிட்டத்தான் மறைப்பாங்க.” கொஞ்சம் மூச்சு வாங்கினார். “எனக்கு என்ன வியாதி டீச்சர்?”

ஷெரினுக்குக் கையில் அடித்துக் கொடுத்திருக்கிறேன். ஆனால் இந்த மனிதரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு இன்னொரு பொய் சொல்ல என்னால் முடியவில்லை. சொன்னேன். எங்கே இருக்கிறது, எதுவரை போயிருக்கிறது, டாக்டர் எவ்வளவு காலம் சொன்னார், எல்லாவற்றையும்.

“பாய்க்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“மாப்பிள்ளைக்கு?”

“தெரியும்.”

“அப்ப செத்தவனத் தவிர எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. நல்ல கேஸ்தான்” என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். முதுகு குலுங்கியது. நான் அவர் தோளில் கை வைத்தேன். இத்தனை வருடத்தில் முதல் தடவை. தோள் எலும்பாக இருந்தது.

திரும்பியபோது கோபமாக இருந்தார். “சாயங்காலம் அவ வரட்டும். பெத்த அப்பன்கிட்டயே நாடகம் போட்டியான்னு கேக்குறேன். என் சாவு, எனக்குத் தெரியக்கூடாதா?”

கேட்காதீர்கள் என்று கெஞ்சினேன். அவள் செத்துவிடுவாள் சார் என்றேன்.

“அப்ப அந்தப் பக்கங்களக் கொண்டா. அது வர்ற வரைக்கும் கேக்கல” என்றார்.

‘கொண்டா’ என்று சொல்லிவிட்டார். நானும் திருத்தவில்லை.

அவரை வேதனைப்படாமல் காப்பாற்றப் போய், நானே சொல்லிவிட்டேன். கிழிக்காமல் கொடுத்திருந்தால் அது ஒரு கதை. அழுதிருப்பார், என்னைத் திட்டியிருப்பார், அவ்வளவுதான். கிழித்ததால்தான் தெரிந்தது. நான் ஒரு மடச்சி.

ஆகஸ்ட் 1, வெள்ளி

பக்கங்களைக் கொண்டுபோனேன். அவருக்கு எழுத்துக் கலங்குகிறதாம். நீங்களே வாசியுங்கள் என்றார். இன்று பழையபடி ‘நீங்க’.

வாசித்தேன். மீட்புக் கப்பல் நெருங்குகிறது. நடுவில் பாறைகள். கப்பலில் இருப்பவர்கள் கேட்கிறார்கள், உடம்பு எப்படி இருக்கிறது, வேகமாக வரட்டுமா என்று. வேகமாக வந்தால் பாறையில் மோதி அத்தனை பேரும் போய்விடுவார்கள் என்று அவனுக்குத் தெரியும். மெதுவாக வந்தால் தான் இருக்க மாட்டோம் என்றும் தெரியும். இங்கே எல்லாம் சரியாக இருக்கிறது, மெதுவாக வாருங்கள் என்கிறான். ஒவ்வொரு மணி நேரமும் கேட்கிறார்கள், ஒவ்வொரு தடவையும் எல்லாம் சரி என்கிறான். குரல் உடையாமல் இருக்கத் தண்ணீர் குடித்துக்கொள்கிறான். கதவைத் திறந்து அவர்கள் உள்ளே வரும்போது அவன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டிருக்கிறான்.

கடைசிப் பத்தியை இரண்டு தடவை ஆரம்பிக்க வேண்டியிருந்தது. சார் பொறுமையாக இருந்தார். முடித்தேன். ‘முற்றும்’ என்பதையும் வாசித்தேன்.

சார் “கரெக்ட்” என்றார். “பச்சக் கொடி காட்டுறதுதான் கார்டு வேலை. நம்ம பெட்டியில என்ன நடந்தாலும், முன்னாடி ஓடுற வண்டிக்கு ஆல் ரைட் காட்டணும்.”

பிறகு சொன்னார்: “ஷெரின்கிட்ட நான் கேக்கல டீச்சர். அவ தினம் சிரிச்ச மூஞ்சியோட மாத்திரை கொண்டாந்து தர்றா. அப்பாவுக்கு ஒண்ணும் தெரியாதுங்குற ஒரே தெம்புலதான் நிக்கிறா. அதை நான் ஏன் பிடுங்கணும்? எனக்குத் தெரியும்ங்கிறது அவளுக்குத் தெரியவே கூடாது. இப்பவும் சரி, அப்புறமும் சரி. நம்ம சட்டம்தான். முடிவச் சொல்லக்கூடாது.”

சரி என்றேன். இந்த ஒரு குடும்பத்துக்கு எத்தனை வாக்குத்தான் கொடுப்பது?

“சரி, நீங்க சொல்லுங்க. உங்க புஸ்தகம். இத்தனை வருசமா தூக்கி வச்சு ஆடுனீங்களே. முடிவு எப்படி?”

கதாநாயகனைக் கொல்லும் தைரியம் பற்றி நான் பேசாத பேச்சு இல்லை. இன்று வாயில் வந்தது வேறு.

“எனக்குப் பிடிக்கல சார். அவன் பொழச்சிருக்கணும்” என்றேன்.

“கதைதானே டீச்சர்.”

“தெரியும், கதைதான். இருந்தாலும் பொழச்சிருக்கணும். அவன் அப்படிப் போயிருக்கக்கூடாது.”

அதற்கு மேல் என்னால் அழாமல் இருக்க முடியவில்லை. அவர் மேசையிலிருந்த துண்டை என் பக்கம் நகர்த்தினார். ஷெரின் வரும் நேரமாகிவிட்டது என்று முகம் கழுவிக்கொண்டு கிளம்பினேன்.

ஆகஸ்ட் 9, சனி

நடிப்பு என்றால் இதுதான் நடிப்பு. ஷெரின் கஞ்சி கொண்டுவந்தால், “அல்சர்காரன்னா வாழ்நாள் பூரா கஞ்சியா? எப்ப எனக்கு மட்டன் போடுவ?” என்று சண்டை பிடிக்கிறார். அவள் கோபித்துக்கொண்டு சிரிக்கிறாள். “டாக்டர் சொல்லட்டும்ப்பா” என்கிறாள். அவள் அப்பால் போனதும் இவர் கண்ணை மூடிக்கொண்டு வலியைத் தாங்குகிறார். உள்ளே அவள் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறாள். நடுவில் நான் உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு பக்கமும் தெரிந்தவள் நான் ஒருத்திதான். பாய்க்குக் கூடத் தெரியாது.

பாய் போய் டீ வாங்கி வந்தார். குடித்துக்கொண்டே கொஞ்சம் பேசினோம். ‘மழைக்கு ஒதுங்கிய பிணம்’ என்று ஒரு நாவலை நான் கட்டாயம் படிக்க வேண்டும் என்று கார்டு சார் சொன்னார்.

“இப்பப் படிக்காதீங்க. அப்புறமாப் படிங்க. இப்பப் படிச்சா மூணாம் அத்தியாயத்துலயே கண்டுபிடிச்சேன்னு வந்து நிப்பீங்க. சண்டை போட எனக்குத் தெம்பில்ல” என்றார்.

அல்சர் சரியானதும் சண்டை போடலாம் சார் என்று பாய் சொன்னார். ஆமாம் பாய் என்றார் சார்.

ஆகஸ்ட் 14, வியாழன்

வலிக்கு மருந்துப் பட்டை ஒட்டுகிறார்கள். பெரும்பாலும் தூக்கம். போனேன், உட்கார்ந்திருந்தேன், வந்தேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஒரு தடவை விழித்தார். நான் இருப்பதைப் பார்த்தார். கை கொஞ்சம் அசைந்தது. ஷெரின் கட்டிலின் அந்தப் பக்கம் நின்று, “என்னப்பா, வலிக்குதா?” என்று கேட்டாள்.

“இல்லடா. நாளைக்கு எந்திரிச்சிருவேன்” என்றார்.

ஆகஸ்ட் 21, வியாழன்

இன்று காலை போய்விட்டார்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

கல்லறைக்குப் போனோம். பாய் குழிமண் போட்டுவிட்டு மரத்தடியில் போய் நின்று குலுங்கி அழுதார். ரயில்வே ஆட்கள் நிறைய வந்திருந்தார்கள். யாரோ ஒரு அம்மா, நீங்க சொந்தமா என்று கேட்டாள். இல்லை, புத்தகம் கொடுத்து வாங்குவோம் என்றேன். ஓ என்று நகர்ந்துவிட்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அதற்கு மேல் என்ன சொந்தம் என்று சொல்ல என்னிடமும் வார்த்தை இல்லை.

வீட்டுக்கு வந்து தலைக்கு ஊற்றிக்கொண்டேன். சாப்பிடவில்லை.

ஆகஸ்ட் 25, திங்கள்

மோட்டார் ரிப்பேர். எலக்ட்ரீஷியன் நாளைக்கு வருகிறேன் என்றான். எல்லாருக்கும் நாளை இருக்கிறது.

ஆகஸ்ட் 30, சனி

சாயங்காலம் பாய் கடைக்குப் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது ஷெரின் வந்தாள். கண்ணெல்லாம் குழிவிழுந்திருக்கிறது. தூங்கவே முடியவில்லையாம். உள்ளே வந்தவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“ஆன்ட்டி, ஒண்ணு கேக்கட்டுமா? உண்மையச் சொல்லணும். அப்பாவுக்குத் தெரிஞ்சிருக்குமோ?”

அவள் முடியை ஒதுக்கிவிட்டேன்.

“தெரிஞ்சு, தனியா மனசுக்குள்ளயே வச்சுப் புழுங்கிருப்பாரோன்னு நினைச்சா என்னால முடியல. நான் பொய் சொல்றேன்னு தெரிஞ்சுக்கிட்டே என் மூஞ்சியப் பாத்துட்டு இருந்திருப்பாரோ? உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா? உங்ககிட்ட மட்டும்தான் சொல்லியிருப்பார்.”

சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் ஆசை வந்தது. உன் அப்பா எப்பேர்ப்பட்ட மனிதர் தெரியுமா, உனக்காக என்ன செய்தார் தெரியுமா என்று. அதை யாரிடமாவது சொல்லாமல் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும் போல இருந்தது. சொல்லியிருந்தால் என் பாரம் குறைந்திருக்கும். அவளுக்குக் கூடியிருக்கும்.

“அவருக்கு ஒண்ணும் தெரியாதும்மா” என்றேன். “கடைசியா நான் பேசுனப்பக் கூட, கிறிஸ்துமஸுக்கு உனக்குப் புடவை எடுக்கணும்னு சொல்லிட்டிருந்தார். மயில் கழுத்துக் கலர்ல. எந்தக் கடைக்குப் போகலாம் டீச்சர்னு என்கிட்ட யோசனை கேட்டார்.”

அவள் நிமிர்ந்தாள். “அப்பாவா? அப்பாவுக்கு மயில் கழுத்துக் கலரெல்லாம் தெரியுமா?”

“தெரியாது. நான்தான் சொல்லிக் கொடுத்தேன்.”

சிரித்தாள், அழுதாள், இரண்டும் சேர்ந்து வந்தது. என் மடியில் தலையை வைத்துக்கொண்டாள். எத்தனையோ நாள் கழித்து அவள் உடம்பு தளர்வது என் மடிக்குத் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் தூங்கிப்போனாள். கால் மரத்துப்போயும் நான் அசையவில்லை.

அப்படி எதுவும் அவர் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருப்பார், கிறிஸ்துமஸ் வரைக்கும் இருந்திருந்தால்.